வெள்ளிக்கிழமை மட்டும் வரும் கோளாறு

உலகத்தில் எத்தனையோ கணினிகளின் அடிவயிற்றில் என் பெயரோடு ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மனிதர் செய்யும் சர்க்யூட் பலகை சரியில்லாதது என்று அது சொல்கிறது. எழுதியவன் நான்தான். குடித்துவிட்டு எழுதவில்லை, பகை வைத்துக்கொண்டும் எழுதவில்லை. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ரொம்பப் பெருமையாக எழுதினேன்.

என் பிழைப்பு கர்னல் டிரைவர் எழுதுவது. கர்னல் என்பது கணினியை உள்ளே இருந்து நடத்தும் நிரல். அதற்கும் வெளியே மாட்டியிருக்கும் சாமான்களுக்கும் நடுவில் நிற்கும் தரகன்தான் டிரைவர். சாமான்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒன்று மூன்று தடவை கேட்டால்தான் பதில் சொல்லும். இன்னொன்று தூங்கினால் எழுந்திருக்காது. விற்றுப்போனதைத் திரும்ப வாங்கிவந்து திருத்தவா முடியும்? அதனால் டிரைவருக்குள் ஒரு பட்டியல் வைத்திருப்போம். கல்யாண வீட்டில் வைத்திருப்பார்களே, பெரிய மாமாவுக்கு நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்கவேண்டும், சின்ன சித்தப்பாவையும் அவர் சம்பந்தியையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது என்று, அந்த மாதிரிப் பட்டியல். அதில் ஒரு பலகையின் பெயர் ஏறிவிட்டால் அதற்குக் கோளாறு இருக்கிறது என்று ஊர் உலகத்துக்கே தெரிந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் தொழிலில் பாதி நாள் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்து தொலைப்பதால், மீதி நாளும் அதையே சொல்லப் பழகிவிடுகிறோம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான் லேப்டாப்போடு இருப்பேன். கீழே அண்ணி தறியில் இருப்பார். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. அண்ணியின் தறிக்குச் சேலையில் டிசைன் போடும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தது. பார்டரில் மயில் வரவேண்டுமென்றால் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடும் வேலை போய், பென்டிரைவைச் செருகினால் போதும் என்றானது. மிதியை மிதித்ததும், தறியின் பக்கத்தில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு முன்னால் ஒரு கம்பி ஏறி இறங்கும். பெட்டிக்குள்ளிருக்கும் சென்சார் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகலாம் என்று கணினிக்குச் சொல்லும். அந்தச் சென்சார் பலகையைப் பெட்டியோடு சேர்த்துச் செய்தவர்தான் கோயம்புத்தூர்க்காரர்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் அண்ணி மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "தம்பி, உன் கம்ப்யூட்டரு மயிலு கழுத்த முறிச்சுடுச்சுபா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். ஒரு மிதிக்கு இரண்டு வரி தாவியிருந்தது. மயிலின் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் நின்றன. அண்ணி முணுமுணுத்துக்கொண்டே தப்பாய் விழுந்த ஊடை இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அரைநாள் வேலை வீணாய்ப் போயிற்று.

தறிக் கணினி எழுதிவைத்திருந்த பதிவுகளைப் புரட்டினேன். கோளாறு வந்த நாட்களைக் கிழமையோடு ஒத்துப்பார்த்தேன். எல்லாமே வெள்ளிக்கிழமை, அதுவும் காலையில். சனிக்கிழமை பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கிறது. கர்னலுக்கு வெள்ளி தெரியுமா, செவ்வாய் தெரியுமா? கிழமை பார்க்கும் நிரல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். இல்லை. பிறகு பொறி தட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்க வீடு கழுவுவார்கள், அத்தனை வீட்டிலும் மோட்டார் ஓடும், மின்சாரம் ஏறி இறங்கும், அதைத் தாங்காமல் இந்தப் பலகை உளறுகிறது. அடுத்த வெள்ளி வோல்ட்மீட்டரோடு உட்கார்ந்தேன். முள் அசையவே இல்லை. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? மீட்டரே பார்க்கமுடியாத அளவு சின்ன அதிர்வுக்குக்கூட மிரளும் மட்டமான பலகை என்று முடிவுகட்டினேன்.

பரிகாரம் சுலபம். இந்தப் பலகையிடமிருந்து ஒரு சேதி வந்தால், அடுத்த முப்பது மில்லிசெகண்டுக்குள் வரும் சேதிகளைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். மயிலுக்குக் கழுத்து ஒட்டிக்கொண்டது. அண்ணி கேசரி செய்துகொடுத்தார். அதோடு விட்டேனா? எங்கள் தறிக்கு மட்டும் இருந்தால் யாருக்குத் தெரியும், உலகத்துக்கே போகட்டும் என்று, எல்லா ஊர்க்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கர்னலுக்கு அனுப்பினேன். "இந்தப் பலகை பொய்ச் சேதி அனுப்பும்" என்று காரணமும் எழுதினேன். அங்கே சரிபார்ப்பவர் ஒரு வெள்ளைக்காரர், எதையும் லேசில் விடமாட்டார். எத்தனை பலகைகளில் சோதித்தாய் என்று கேட்டார். கையிலிருந்த எல்லாப் பலகைகளிலும் என்று பதில் போட்டேன். கையிலிருந்தது ஒன்று. அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணை மட்டும் நான் எழுதவில்லை. வரி ஏறிவிட்டது.

சில மாதம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையான கடிதம். அவருடைய பலகைகளைப் பொட்டலம் கட்டும் மெஷின்களுக்காக வெளிநாட்டில் ஒருவர் கேட்டிருந்தாராம். கர்னலில் உங்கள் பலகையைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறதே என்று அவர் இப்போது தயங்குகிறாராம். "எந்தச் சூழலில் கோளாறு வந்தது என்று தயவுசெய்து சொன்னால் திருத்திக்கொள்கிறேன் சார்" என்று முடித்திருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. செய்வதையும் மட்டமாகச் செய்துவிட்டுக் கடிதம் வேறு. ஆதாரத்தோடு மூஞ்சியில் அடிக்கிறேன் பார் என்று என் வரியை எடுத்துவிட்டு, அடுத்த வெள்ளி விடியற்காலையிலேயே தறிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். நான் மாடியைவிட்டு ஒன்பது மணிக்கு முன்னால் இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார். கையில் தட்டு, அதில் அரைத்த சந்தனம், குங்குமம். தறிமரத்துக்குப் பொட்டு வைத்தார். மிதிக்கு வைத்தார். பிறகு பெட்டிக்கு வந்து, அதன் முகப்பில் ரூபாய்க் காசளவில் இருந்த கறுப்புக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை வழித்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். சென்சார் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமையானால் வீட்டில் எல்லாச் சாமானிலும் இருக்கும் பொட்டுதானே என்று இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அண்ணி, அது என்ன?"

"நெத்தி."

"பெட்டிக்கு ஏது நெத்தி?"

"மொத மாசம் வேற எங்கெங்கியோ வெச்சுப் பாத்தேன், ஒட்டலபா, பெயின்ட்டு வழுக்குது. இது ஒண்ணுதான் நெத்தியாட்டம் வாகா இருக்குது."

ஈரச் சந்தனம் கண்ணாடியில் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. கம்பி ஏறும்போது ஒளி அதன் ஓரத்தில் பட்டும் படாமலும் போய், ஒரு அசைவை இரண்டாகக் காட்டியது. லேப்டாப்பில் பொய்ச் சேதிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"இத எப்பத் தொடைப்பீங்க?"

"மத்தியானம் காஞ்சுடும். காஞ்சதும் தொடைச்சுடுவேன், இல்லன்னா பொடி உதுந்து பாவுல ஒட்டிக்கும்."

விஷயத்தைச் சொன்னேன். அண்ணி முகம் வாடிப்போயிற்று. பிறகு, "அந்த மனுசன் செஞ்ச சாமான்ல ஒரு தப்பும் இல்ல, அப்படித்தானே?" என்றார்.

"இல்ல."

"அப்ப பிரிச்சிடு. எழை தப்பா வுழுந்தா நான் பிரிக்கல?"

இழையைப் பிரித்தால் தடம் இருக்காது. கர்னலில் அப்படியில்லை. தப்பும் திருத்தமும் இரண்டுமே பெயரோடு என்றைக்கும் கிடக்கும். திருத்தத்துக்குக் காரணம் வேறு எழுதவேண்டும். சந்தனம் என்று எழுதக் கை வரவில்லை. "சென்சாரின் முன்பகுதியில் வெளிப்பொருள் படிந்திருந்தது" என்று நாசூக்காக அனுப்பினேன். என்ன பொருள் என்று வெள்ளைக்காரர் கேட்டார். "தாவர வகைப் பொருள்" என்றேன். எப்படிப் படிந்தது என்றார். மானம் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலையில் என் அண்ணி பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார், பலகையில் எந்தக் குறையும் இல்லை, சோதித்தது ஒரே ஒரு பலகையில், அதையும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை, தவறு முழுக்க என்னுடையது. இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு ஏற்றுக்கொண்டேன் என்று மட்டும் வந்தது. அவர் சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா என்று தெரியாது. புதிய கர்னலில் அந்த வரி போய்விட்டது. ஆனால் யாரும் புதுப்பிக்காத பழைய மெஷின்களில் அது அப்படியே இருக்கும். அதற்கு என்னால் ஒன்றும் செய்யமுடியாது.

அண்ணி ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவந்து பெட்டியின் மூடியில் ஒட்டினார். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அந்த மனிதருக்கு மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. போன் செய்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடிதான் பேசினேன். யார் என்று சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் சந்தனத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அட, விடுங்க தம்பி. சாமி காரியம். எங்கூட்டு மெஷினுக்கும் பொட்டு வெக்கறதுதானுங்க."

"அந்த வெளிநாட்டு ஆர்டர் என்ன ஆச்சுங்க சார்?"

"அது வேற எடத்துல வாங்கிட்டாங்க. பரவாயில்லீங்க." பிறகு கேட்டார். "இந்த நம்பரு உங்களுக்கு யாருங்க குடுத்தாங்க?"

"பெட்டி மூடியிலயே போட்டிருக்குதுங்க சார். கோளாறுன்னா கூப்பிடவும்னு."

"ஆமாங்க தம்பி," என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. "மொத நாள்ல இருந்தே அங்கதானுங்க இருக்குது."