மேனேஜர் காலில் பழைய பசை

ஆளைப் பார்த்தால் குச்சி, கூப்பிடுவது மட்டும் உருண்டை என்று. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக ஷூ பசை செய்யும் தொழிற்சாலையில், பிசையும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற மனிதர். விரலில் ஒட்டிய பசையை உருட்டிக்கொண்டே இருப்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். உருட்டியதை எங்கே வைப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ் கம்பியில் வைப்பார், மச்சான் வீட்டு டிவி மேல் வைப்பார். ஒருமுறை கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து, மாப்பிள்ளையின் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து சொந்தக்காரர்கள் அவருக்குக் கை கொடுப்பதில்லை.

அவர் மனைவிக்கு இந்த உருண்டைகளோடு எந்தச் சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் பசையைக் கரைக்கிற தின்னரோடுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் தின்னர் ஊற்றித் தொட்டி கழுவப் போனவர், உள்ளேயே மயங்கி விழுந்தார். நான்கு பேர் சேர்ந்து மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு தரம் இந்த நெடி நுரையீரலுக்குள் போனால் தன்னிடம் கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். “தின்னர் இருக்கிற கட்டடத்துல நீங்க கால் வைக்கக் கூடாது. வச்சா நான் உங்களோட பேசமாட்டேன்” என்றாள் மனைவி. பேசாமல் ஒரு மணி நேரம்கூட அவளால் இருக்க முடியாது என்பது உருண்டைக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். அன்றிலிருந்து தின்னர் வேலையெல்லாம் பின்கட்டுக்குப் போனது, தின்னர் டப்பாவைக் கண்டால் இவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

அப்படி இருந்தவருக்கு இந்த வருடம் எமனாக வந்தது கழிவுப் பசை. டிரம்மின் அடியில் காய்ந்தது, தரையில் சிந்தி இறுகியது, இயந்திரத்தின் பிசையும் கையில் அப்பிக்கொண்டது என்று எல்லாவற்றையும் இதுநாள்வரை ஒரு லாரிக்காரர் அள்ளிக்கொண்டு போய் எரித்துக்கொண்டிருந்தார். எரிக்கக் கூடாது என்று மேலிடம் சொன்னதும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். பின்கட்டில் கழிவு ஆள் உயரத்துக்குக் குவிந்தது. மேனேஜர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய தொட்டி கட்டி, தின்னரில் ஊறவைத்துக் கரைத்துவிடலாம் என்றார். தொட்டி வர வேண்டிய இடம், பாருங்கள் கொடுமையை, உருண்டையின் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே.

காப்பாற்ற வந்தவர் லேப் மேடம். பரிசோதனை அறையில் தனி ஆளாக உட்கார்ந்திருக்கிற பெண், வயதில் சின்னவள், வாயில் பெரியவள். “தின்னரே வேணாம் உருண்டையண்ணே. கழிவைத் துண்டு போட்டு உங்க மிஷின்ல போடுங்க. சூடு பண்ணுங்க, இந்த வெள்ளைத் தூளைச் சேருங்க, மூணு மணி நேரம் பிசைங்க. இறுகின பசைக்குள்ள ஒண்ணையொண்ணு பிடிச்சிட்டிருக்கிற சங்கிலியை இந்தத் தூள் அவுத்துவிடும். அப்புறம் அது மறுபடியும் ஒட்டுற பசைதான்.”

“சங்கிலி எல்லாம் இருக்கா அதுக்குள்ள?”

“இருக்கு. நீங்க பிசைங்க.”

பிசைந்தார். முதல் தடவை கரி வந்தது. இரண்டாம் தடவை கஞ்சி வந்தது. ஏழாம் தடவை, டீ நிறத்தில், நூல் நூலாக இழுபடுகிற அசல் பசை வந்தது. வாசனை என்று ஒன்றும் இல்லை. உருண்டை அதன்மேல் முகத்தை வைத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தார். சந்தோஷத்தில் ஒரு உருண்டை உருட்டி லேப் மேடத்தின் மைக்ராஸ்கோப் மேல் வைத்தார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே சொல்ல வேண்டாம்.

இனி மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பசைக்கு யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் அந்தப் பசையால் ஒட்டிய ஷூவை ஒரு வாரம் போட்டு நடக்க வேண்டும். மேனேஜர் தன் கறுப்பு ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். “இடதுல நம்ம புதுப் பசை, வலதுல உங்க குப்பைப் பசை. வலது பிஞ்சா மறுநாளே தின்னர் தொட்டி” என்றார். லேப் மேடம் அப்படியே நோட்டில் எழுதினாள். உருண்டை ஷூவை மேஜையில் வைத்து, அடிப்பாகத்தைப் பிரித்து, பசை தடவி ஒட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். பிய்ந்தால் வேலையை விட்டுவிடுவது என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களை மேனேஜர் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போகிறார். பாதிப் படியில் வலது ஷூவின் அடி வாயைப் பிளந்தது. அடுத்த படிக்குப் ‘பட்’ என்றது, அதற்கடுத்த படிக்கு இன்னும் பலமாகப் ‘பட்’ என்றது. வந்தவர்கள் மரியாதைக்குச் சுவரைப் பார்த்தார்கள். மேனேஜர் ஷூவைக் கழற்றி, மேலேயிருந்து நேராக, கீழே இயந்திரத்தின் முன்னால் நின்ற உருண்டையின் காலடிக்கு வீசினார். “நாளைக்குத் தொட்டி வருது” என்றார்.

உருண்டை ஷூவை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

“பிஞ்சிருச்சும்மா. வேலை போச்சு.”

“போனா போகுது, ஆள் இருந்தா போதும்” என்றாள். ஆனால் அவள் அப்படியே விடுகிற ரகம் இல்லை. “எப்படிப் பிஞ்சுது? உள்ள பாத்தீங்களா?”

“பாத்து என்ன ஆகப்போகுது?”

“பாருங்கன்னா பாருங்களேன்.”

பார்த்தார். உள்ளே பசை வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் பிசைந்தது டீ நிறம். வெள்ளை என்றால் புதுப் பசை.

உருண்டை ஷூவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது. அவர் பசைக்காரர், செருப்புத் தைக்கிறவர் இல்லை. ஷூவைக் கவிழ்த்து வைத்தால் இடது அடி வலது மாதிரி தெரியும், வலது இடது மாதிரி தெரியும். கவிழ்த்து வைத்துப் பார்த்து மாற்றித் தடவிவிட்டிருக்கிறார், புத்திசாலி. போனை அணைக்கக்கூட மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லேப் மேடத்தையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

மேனேஜர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தார். உருண்டை விஷயத்தைச் சொன்னார்.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், இடது வலது தெரியாதா?”

“தெரியும் சார். கவுத்துப் போட்டாத்தான் தெரியல.”

“கதை விடாதய்யா.”

“கழட்டிக் கொடுங்க சார், பிரிச்சுக் காட்டறேன்.”

இடது ஷூவைப் பிரிக்க முடியவில்லை. கத்தி நுழையவில்லை. உருண்டை மேல்பாகத்தைப் பிடித்துக்கொண்டார், லேப் மேடம் அடியைக் குறட்டால் இழுத்தாள், மேனேஜர் பொறுக்க முடியாமல் அவளுக்குப் பின்னால் நின்று தானும் இழுத்தார். கடைசியில் தோல் கிழிந்தது, பசை விடவில்லை. கிழிசலுக்குள் டீ நிறம் தெரிந்தது.

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போன மாதம் விலை குறைவு என்று புது இடத்தில் மூலப்பொருள் வாங்கியது அவரேதான். அதில் செய்த புதுப் பசை இருநூறு டிரம் கிடங்கில் நிற்கிறது. வெளியே அனுப்பினால் ஊரெல்லாம் படியேறும்போது ‘பட் பட்’ என்று சத்தம் கேட்கும்.

“அதையும் உன் மிஷின்ல போட்டுச் சரி பண்ண முடியுமா?” என்று லேப் மேடத்தைப் பார்க்காமல் உருண்டையைக் கேட்டார்.

“முடியும்” என்றாள் லேப் மேடம். “ஆறு மாசம் ஆகும்.”

“அப்ப தொட்டி வேணாம். போய் வேலையைப் பாருங்க.”

உருண்டையின் சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வாயால சொன்னா போதாதுங்க. எழுதி வாங்குங்க.”

அறையில் மூன்று பேரும் சட்டைப் பையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் உருண்டை யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியது கிடையாது. லீவு கேட்கவே தலையைச் சொறிகிறவர். இன்றைக்குக் கையை நீட்டினார். “எழுதிக் கொடுத்துருங்க சார்.”

மேனேஜர் சட்டைப் பையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

உருண்டை வராந்தாவில் நின்று போனைக் காதில் வைத்துப் படித்தார். “இந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இனி தின்னர் கொண்டுவரப்பட மாட்டாது.”

“இன்னொரு தடவை படிங்க” என்றாள்.

படித்தார். ‘கட்டடத்துக்குள்’ வரைக்கும் நன்றாகத்தான் படித்தார். அதற்குமேல் படிக்காமல், விரலில் ஒட்டியிருந்த பசையை உருட்ட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வார்த்தையும் பேசாமல் காத்திருந்தாள்.