கடைவாய்ப் பல்லும் ஆலன் கீயும்

என் வாய்க்குள் இருந்த திருகு மூடியை நானே முடுக்கினேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பட்டறையிலிருந்து எடுத்து வந்த ஆலன் கீயால், அதாவது அறுகோணக் குழித் திருகுகளை முடுக்கும் சாவியால். இதைவிடப் பெரிய மடத்தனத்தை யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வெகுகாலம் அப்படியே விட்டிருந்தேன். மனைவியின் தொந்தரவு தாங்காமல்தான் சரவணம்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே வரும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் எலும்புத்தூள் வைத்து நிரப்ப வேண்டியிருக்கும் என்று ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். புகைப்பீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா என்று கேட்டார்.

"லேசா இருக்குதுங்க."

"லேசாவெல்லாம் கெடையாதுங்க. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே தேதி கொடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, தாடை எலும்பில் துளையிட்டு, டைட்டானியம் திருகாணியை இறக்கினார். வலி தெரியவில்லை. சத்தம் மட்டும் என் பட்டறை மாதிரியே இருந்ததால், துளை கோணலாகப் போகிறதோ என்று கவலைப்பட்டேன். திருகாணியின் தலையில் சின்ன உலோக மூடி ஒன்றைப் போட்டார்.

"எலும்பு இதைப் புடிச்சுக்கச் சில மாசம் ஆகுமுங்க. அப்புறந்தான் பல்லு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதீங்க."

"அத்தன மாசமுங்களா? போல்ட்டு போட்டா அன்னைக்கே லோடு ஏத்தலாமுங்களே, அம்மணி."

அவர் அடுத்து வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார். பம்பு மாட்டும் இடத்தில் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு இறுக விடாமல் மோட்டாரை ஏற்றினால், நான் பொறுப்பில்லை என்று ஊரெல்லாம் சண்டை பிடிப்பவன் நான். அது மற்றவர்களின் காங்கிரீட்.

பங்காளி வீட்டில் கிடா விருந்து வந்தது. இலையில் நல்லி எலும்பு விழுந்த பிறகு எந்தப் பக்கம் கடிக்கிறோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? வீட்டுக்கு வந்து நாக்கால் தொட்டேன். மூடி ஆடியது. டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருப்பவன், ஒரு திருகு ஆடினால் போன் செய்வானா? மூடியின் நடுவில் அறுகோணக் குழி வேறு இருந்தது. என் செட்டில் இருந்ததிலேயே சின்னச் சாவி கச்சிதமாக உட்கார்ந்தது. அதை வெந்நீரில் கழுவிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏனுங்க, உள்ள என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி கதவுக்கு வெளியே.

"பல்லு வெளக்கறேன்."

"அதுக்கு எதுக்குங்க டார்ச் லைட்டு?"

இன்னும் ஒரு சுற்று முடுக்கினேன். சுரீரென்றது. நான் கதவைத் திறந்ததும் என் முகத்தையும் கையிலிருந்த சாவியையும் பார்த்தாள். "கிளம்புங்க" என்றாள்.

மனைவி நடந்ததைச் சொன்னதும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே திருகாணி அசைந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, புண் ஆறி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழுதான மோட்டாரைக் கொண்டு வந்து என் முன்னால் நிற்பவர்களின் நிலைமை புரிந்தது.

"திருகாணி அசையலீங்க. ஈறுதான் நசுங்கியிருக்குது" என்றார். "அந்தச் சாவி கை நழுவித் தொண்டைக்குள்ள போயிருந்தா? இல்ல, எலும்பு புடிக்கறதுக்கு முன்னாடி திருகாணியும் சேந்து சுத்தியிருந்தா?"

மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, விரல் நுனி பலத்தில் திரும்பப் போட்டார். சுற்றிலும் மெதுவான பிரஷ்ஷால் தினமும் தேய்க்க வேண்டும், ஆடினாலோ வீங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்றார். மனைவி என்னைவிடக் கவனமாகக் கேட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பெருமையடிக்கலாமென்று சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த ஆலன் கீயை எடுத்துக் காட்டினேன்.

"அளவு கச்சிதமுங்க டாக்டர். பல்லு கட்டுன பொறவு அது ஆடுச்சுன்னா, அவசரத்துக்கு...?"

"அதை மேசை மேல வெச்சுப்போட்டுப் போங்க."