ஞாயிற்றுக்கிழமை மட்டும் டாக்டர்

தொலைபேசியில் கத்திப் பேசுவது செல்வம் அண்ணையின் வழக்கம். பாரிசில் லாசப்பல் பகுதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். வெளியே ஓடும் பஸ்களுக்கு மேலாகக் கத்திக் கத்தி அப்படிப் பழகிவிட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை அவர் கத்தவில்லை. "லூயி, பிலோமினா அக்கா இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா" என்றார். மோசம் போவது என்றால் அவர்கள் ஊரில் இறந்துபோவது. கடையில் யாரோ முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று கேட்பது பின்னால் காதில் விழுந்தது.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுண்டரில் இருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, விலாசம், தொழில் என்று நாள் முழுக்க இதே கேள்விகள்தான். போனை வைத்துவிட்டு எதிரே நின்ற அம்மாளிடம் "தொழில் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், அவரே சொன்னார். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இன்னும் போகவில்லை. அடக்கமான அஞ்சலி வேண்டுமென்றால் நினைவுப் பூசைக்குப் போங்கள், சாமியார் நன்றாகவே பேசுவார். அக்காவைத் தெரிந்த உங்களுக்கு என்னால் இப்படித்தான் எழுத முடிகிறது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிலோமினா அக்கா மன்னார்க்காரர். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பிரான்சுக்குத் தப்பி வந்து, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, கார்ஜ் என்ற பாரிஸ் புறநகரில் தங்கையின் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கு உதவியாளாகச் சேர்ந்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாட்டு வண்டி தள்ளுவது அவர் வேலை. இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால் இந்த நாட்டுப் பட்டமும் வேண்டும், இந்த நாட்டுக் குடியுரிமையும் வேண்டும். இல்லாதவர்கள் ஒரு தேர்வு எழுதி, ஒரு குழுவின் முன்னால் நின்று, மேலிடத்து அனுமதிக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அதுவரை அவர் டாக்டர் இல்லை.

இதெல்லாம் திங்கள் முதல் சனி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. பிரெஞ்சு இளம் டாக்டர்கள் ஞாயிறு முறைக்கு வருவதென்றால் முகத்தைச் சுளிப்பார்கள். பண்டிகை நாள், ஆகஸ்ட் விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது மட்டும் வார்டுத் தலைவருக்கு அக்கா மன்னாரில் என்னவாக இருந்தார் என்பது ஞாபகம் வரும். வெள்ளைக் கோட்டை எடுத்துக் கையில் கொடுப்பார். வெள்ளிக்கிழமை சூப்புப் பாத்திரம் தள்ளிக்கொண்டு போனவர் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டில் மாடியிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். மூச்சுத் திணறிக்கொண்டு வந்த ஒரு போர்த்துக்கீசக் கொத்தனாரைப் பார்த்து, மருந்து ஏற்றி, சீட்டெழுதி, கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டார். மறுநாள் வார்டுத் தலைவர் வந்து போடுவாராம்.

"ஏங்க, எல்லாம் நீங்கதானே பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் தம்பி. பாத்தது நானெண்டு மட்டும் சொல்லக் கூடாது."

"இது என்னங்க அநியாயம்!"

"கோவம் பிறகு. இப்ப இந்தாளுக்குக் கட்டில் ஒண்டு பாருங்கோ."

'கோவம் பிறகு.' அவரோடு பழகிய யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நான் புதுச்சேரிக்காரன். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். எங்கோ ஒரு சண்டையில் குண்டடி பட்டவர். அதனால் நான் பிரெஞ்சுக் குடிமகன். குடியுரிமைக்காக நான் பட்ட பாடு பிறந்தது மட்டும்தான். பள்ளிப் படிப்பைத் தத்தித் தத்தி முடித்த எனக்கு இங்கே நிரந்தர வேலை, பென்ஷன், ஓட்டு எல்லாம் உண்டு. உயிர் காப்பாற்றத் தெரிந்தவருக்குச் சாப்பாட்டு வண்டி.

அந்தச் சமயம் தொலைக்காட்சியைப் போட்டால் குடியுரிமைப் பேச்சுதான். இங்கே பிறந்த பிள்ளை தானாகப் பிரெஞ்சுக்காரனா, கேட்டு வாங்க வேண்டுமா என்று டை கட்டியவர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் எங்கள் ஊர் ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சட்டம் சட்டம்தாங்க. கண்ட ஊர்ப் படிப்ப வச்சிக்கிட்டு இங்க வந்து ஊசி போட்டா நம்ம கதி என்னாவறது?" என்றார். அக்கா பக்கத்து மேசையில் இருக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னார். அக்கா காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"ஓம் ஐயா, சட்டம் சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமையில மட்டும் அதுக்கு லீவு போல."

அவருக்குப் புரியவில்லை. எனக்குக் காப்பிக் கோப்பையை எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

லாசப்பல் ஆட்களுக்கு அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். சார்செல், ஸ்தேன் என்று மற்றப் புறநகர்களிலிருந்தும் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, கொடுத்தால் குற்றம். பிரெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பாளர் என்று உட்கார்ந்துகொள்வார். அதற்கு முன்னால் தெருவிலேயே நோயாளியிடம் எல்லாம் கேட்டுவிடுவார்: எப்ப தொடங்கினது, எங்கை நோகுது, என்ன செய்தால் கூடுது, என்ன செய்தால் குறையுது. நம் ஆட்கள் அயல்வீட்டுச் சண்டையிலிருந்து ஆரம்பித்துக் கதைப்பார்கள். அக்கா அதை ஒழுங்காக அடுக்கிப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வருவார். கடைசி வாக்கியத்தில் நோயின் பெயர் டாக்டரின் வாயில் தானாக வரும். தான் அதைச் சொல்லவே மாட்டார். "ஒரு தரம் சொன்னால் போதும் தம்பி, நான் ஆரெண்டு கேப்பினம்" என்பார்.

எண்பத்தாறில் அவர் அந்தத் தேர்வில் தேறினார். இனிக் குழு முன்னால் போக வேண்டியதுதான். ஐம்பதை நெருங்கியவர், ரயிலில் நின்றபடி படித்துத் தேறியவர். செல்வம் அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய மனைவிக்குக் குடல்வால் வீங்கியபோது நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தது அக்காதான். அந்த மாதம் மன்னார் மடு மாதா திருநாள் வந்தது. பங்கு மண்டபத்தில் கொண்டாட்டம். நோட்டீஸ் அடிக்கிற பொறுப்பு அண்ணைக்கு. நம் வழக்கம் தெரிந்ததே: பெரியவர்கள் பெயரை வெறுமையாக அச்சடித்தால் அவமரியாதை. 'டொக்டர் பிலோமினா அவர்கள் வருகை தந்து நோய்கள் பற்றி ஆலோசனை வழங்குவார்' என்று போட்டார். வாசகம் எல்லாருக்கும் போக வேண்டும் என்று யாரையோ பிடித்துக் கீழே பிரெஞ்சிலும் போட்டார். கடைக் கண்ணாடி, மெட்ரோ வாசல், பஸ் நிறுத்தம், எங்கள் ஆஸ்பத்திரிச் சுவர் வரை ஒட்டிவிட்டார்.

நான் கடைக்குள் புகுந்து கத்திய கத்தலில் வாடிக்கையாளர்கள் ஓடிவிட்டார்கள்.

"பேருக்கு முன்னாலை டொக்டர் எண்டு போடாமல் எப்பிடித் தம்பி? எங்கட அக்காவுக்கு மரியாதை இல்லையோ?" என்றார் அண்ணை. முகம் வெளுத்திருந்தது.

அக்கா வந்தார். நோட்டீசைப் படித்தார். "கோவம் பிறகு. வாளியில சுடுதண்ணி எடுங்கோ" என்றார். மூவருமாகத் தெருத் தெருவாகப் போனோம். அண்ணை தண்ணீர் ஊற்ற, நான் கிழிக்க, மிச்சமிருந்ததை அக்கா கரண்டியால் சுரண்டினார். தேர்வில் தேறிய ஒரு டாக்டர், தன் பெயரைத் தானே சுவரிலிருந்து சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எங்களைத் துப்புரவுத் தொழிலாளர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

யாரோ அதற்குள் ஒன்றை உரித்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். குழுவின் முன்னால் அக்கா உட்கார்ந்தபோது மேசையில் அந்த நோட்டீஸ் இருந்ததாம். அனுமதியில்லாமல் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் சமூகத்தில் மரியாதைக்காகப் போட்டது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். சரி, இந்த நாட்டில் பொறுப்பான ஒருவரின் கீழ் நீங்கள் வேலை பார்த்ததற்கு ஏதாவது உண்டா என்றார்கள். உண்டே! எத்தனை ஞாயிறு! வார்டுத் தலைவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அக்கா போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமையா? அப்படி ஓர் ஏற்பாடு எனக்குத் தெரியாதே" என்றார்.

விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அக்காவைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கலாம் என்று நீராவிக்கு நடுவில் போர்வை மடித்துக்கொண்டு காத்திருந்தார். செல்வம் அண்ணை அதன்பிறகு அவரை டொக்டர் என்று கூப்பிட்டதே இல்லை. நாம் எல்லாரும் நல்லவர்கள். நம்முடைய நல்லெண்ணமும் அவருக்கு எதிராகத்தான் வேலை செய்தது. ஆனால் நோட்டீஸ் ஒட்டியவர் அறியாமல் செய்தார். கண்ணாடி துடைத்தவர் அறிந்தே செய்தார். இந்த வித்தியாசத்தை நான் மறக்கப் போவதில்லை.

அதிலிருந்து இரண்டு வருஷம் கழித்து, இந்த வருஷ ஆரம்பத்தில் அவருக்கு வயிற்றில் கட்டி. தனக்கு என்ன என்று அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. நிபுணரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகும்போது, "இண்டைக்கு நான் நோயாளி. நீங்கள் கதையுங்கோ" என்றார். அவருடைய வரிசையிலேயே சொன்னேன்: எப்போது தொடங்கியது, எங்கே, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. நிபுணர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார். "நான் இல்லை, இந்த அம்மாதான்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கடியில் அக்காவின் கால் என் காலை அழுத்தியது. நிறுத்திக்கொண்டேன். அவருடைய இரண்டாவது விண்ணப்பம் அப்போது குழுவிடம் இருந்தது. சாகப் போகிறோம் என்று தெரிந்தவர், அந்தச் சொல் தன் அனுமதியைக் கெடுத்துவிடும் என்று பயந்தார்.

மரண அறிவித்தல் அடிக்கும்போது செல்வம் அண்ணை மறுபடி போன் செய்தார். "லூயி, பேருக்கு முன்னாலை இப்ப போடலாமோ?"

"போடுங்க அண்ணே. பெருசாவே போடுங்க."

அதே கடைக் கண்ணாடியில், அதே மெட்ரோ வாசலில் இப்போது ஒட்டியிருக்கிறது. யாரும் சுரண்டவில்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முறை. வெள்ளைக் கோட்டோடு ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கம்போடியாவில் டாக்டராக இருந்தவராம். மற்ற நாட்களில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர். ஒரு சீட்டெழுதி, கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை அந்த நான்கு கேள்விகளும், அவர் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுப் போன கோபமும். அக்கா படுத்ததிலிருந்தே கேள்விகளோடு சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்குத் துணையாகப் போய் வருகிறேன். கோபத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வார்டுத் தலைவரின் அறைக்குப் போனேன். அந்தக் கம்போடியர் ஞாயிறுதோறும் இங்கே வைத்தியம் பார்க்கிறார் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், தரும் வரைக்கும் தினமும் வருவேன் என்றேன். என்னை எந்தக் குழுவும் ஒத்திவைக்க முடியாது. தாத்தாவின் குண்டுக்காயம் இதற்காவது உதவட்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முசியே லூயி, நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். பிறகு பேசலாமே" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதுதான் அந்தப் பிறகு" என்றேன்.