வெள்ளைக் குதிரையும் என் வலது காலும்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில், முனியாண்டி சாமியின் குதிரை நின்றது. சிமெந்துக் குதிரை. வெள்ளைச் சுண்ணாம்பு, பிதுங்கிய கண்கள், வெளியே தெரியும் பற்கள். அதன்மேல் முனியைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு மட்டும் அத்தை விசேஷமாகச் சொல்லியிருந்தாள். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா உச்சி வெயிலில் கொழுந்துக் கூடையோடு அந்தக் குதிரைக்குக் குறுக்கே போனாளாம். அதனால்தான் என் இடது காலை முனி வாங்கிக்கொண்டாராம். பிறந்ததிலிருந்தே அது சூம்பிப்போய், நடக்கும்போது பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

இந்தக் கதை காதில் விழுந்தால் அம்மா, "வேலையத்த பேச்சு" என்று அத்தையின் வாயை அடைத்துவிடுவாள். அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நம்பியிருந்தேன். எனக்கோ மிச்சமிருந்த வலது காலைப் பற்றித்தான் கவலை.

எனக்கு ஒன்பது வயதான ஆகஸ்ட் விடுமுறையில், பண்டாரவளைக்கு அருகே குதிரை வளர்க்கிற ஓரிடத்தில் பிள்ளைகளுக்குச் சவாரி வகுப்பு வைத்தார்கள். ஓடியாடுகிறவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லாருக்கும் ஒன்றாக. எங்கள் பள்ளி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், லயத்துக்கே வந்து சொன்னார். குதிரை நடக்கிற அசைவில் இடுப்பும் முதுகும் பலப்படுமாம், நடையும் கொஞ்சம் திருந்துமாம். அம்மா உடனே சரி என்றாள். அத்தை மூக்கில் விரலை வைத்தாள். நான் அன்று சோற்றைத் தொடவில்லை.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம், கறுப்புக் குதிரையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியதும் முனியிடம்தான். வேறு சாமிகள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

வந்து நின்றது வெள்ளைக் குதிரை. பற்களைக் காட்டியது. மலைமேல் நின்ற குதிரைதான் சிமெந்தை உதறிவிட்டு எனக்கு முன்னால் வந்து காத்திருக்கிறது என்று தோன்றியது. எனக்கு முன்னால் ஏறிய கண் தெரியாத பையன் சிரித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தான். அந்தப் பல்லைப் பார்த்திருந்தால் சிரிப்பானா என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்ததும் ஓவென்று அழுதேன்.

"விருப்பமில்லாட்டி இண்டைக்கு விடுங்கோ, நாளைக்குப் பாப்பம்," என்றார் டீச்சர். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"இல்லீங்க டீச்சர், ஏத்துங்க," என்றாள் அம்மா. "இன்னிக்கு விட்டா இவ ஏறவே மாட்டா."

ஹெல்மட்டை மாட்டி, சேணத்தில் உட்கார வைத்தார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்தினார். பலமில்லாத இடது காலை அம்மா பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவோ வலப்பக்கம் போய் வலது காலைப் பிடித்தாள்.

"அம்மா, மற்றக் காலைப் பிடியுங்கோ," என்றார் டீச்சர். அம்மா தலையாட்டினாள், ஆனால் விடவில்லை. கடைசியில் டீச்சரே இடப்பக்கம் வந்தார். அம்மாவுக்கு இடம் வலம் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பாதிச் சுற்றில் குதிரை நின்றது. கழுத்தை உதறிப் பெரிதாகச் செருமியது. முனி வந்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. சப்பாத்துக்குள் வலது கால் விரல்களை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போயிருந்தது.

"அம்மா, கால் போச்சு," என்று கத்தினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

இறக்கிவிட்டதும் அம்மா தரையில் உட்கார்ந்து என் வலது காலை மடியில் வைத்துத் தேய்த்தாள். கெண்டைக்காலில் அவளுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. பிறகு என்னை எழுப்பி, அந்தக் காலை ஊன்றி நிற்கச் சொன்னாள். நின்றேன். "நாளைக்கும் வர்றோங்க," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். அம்மா லயத்துக்குப் போகாமல் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே மலைக்கு ஏறினாள். அந்தக் குதிரைக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"புள்ள மாட்டேன்னுதாங்க சொன்னிச்சு. நாந்தான் ஏத்துனேன். கேக்கணும்னா என்னக் கேளுங்க சாமி."

குரல் நடுங்கியது. மேடு ஏறிய இளைப்பு என்று எடுத்துக்கொண்டேன். குற்றவாளி யாரென்று முனிக்குத் தெரிந்துவிட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. சந்தேகம் எதுவும் இருந்துவிடக் கூடாதென்று, அம்மாவுக்குப் பின்னால் நின்று நானும் சொன்னேன்: "ஆமாங்க சாமி."

மறுநாள் காலை கண் விழித்ததும் வலது காலை ஆட்டிப் பார்த்தேன். இருந்தது. அடுப்படியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி ஊன்றிப் பார்த்தாள். பிறகு மற்றக் காலையும் ஊன்றிப் பார்த்தாள். குளிருக்காக இருக்கும் என்று நினைத்து, நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.