சிரிப்பு இடம் மாறிய முருகன்

எங்கள் வீட்டு முருகனுக்கு உதடு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. சிவகாசியில் என் வீட்டுக்காரர் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். அந்தக் காலண்டர் சீசனில் ஒரு ஜவுளிக்கடை ஆர்டர், முழுக்க முருகன் படம். எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். சிவப்பு மட்டும் தள்ளி விழுந்துவிட்டது. உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறி, புன்னகைக்க வேண்டிய சாமி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊரில் பாழான தாளும் வீணாகாது. வெடிக்குக் குழல் சுற்ற எடுத்துக்கொள்வார்கள். நாரணாபுரம் பட்டாசு ஆலையிலிருந்து ஒருவர் வண்டியோடு வந்தார். என் வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"சாமியச் சுருட்டி உள்ள மருந்து திணிப்பீகளோ? வேற இடம் பாருங்க."

கட்டுகள் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. பீரோ மேல், கட்டிலுக்கு அடியில், அடுப்படி வரைக்கும் முருகன். சாமியை வெடிக்குக் கொடுக்காத மனிதர், அன்றோடு சாமி கும்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அச்சகம் பூட்டிக் கிடந்தது. சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். விளக்கை நான் ஏற்றினேன், அதுவும் பழக்கத்தில்தான்.

ஒரு காலை எண்ணெய் ஊற்றும்போது மேலாக இருந்த படம் கண்ணில் பட்டது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர், எங்களோடு நெருக்கியடித்துக் குடியிருப்பவர், இப்படியா சிரிப்பார்? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். கஷ்டம் ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனால் முருகனும் எங்களோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பாதியாவது இவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தவித்தேன்.

படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கூப்பிட்டேன்.

"இங்கன வந்து பாருங்க. நம்ம கூடவே இருந்துக்கிட்டு எம்புட்டுச் சிரிப்பு சிரிக்காரு!"

இவர் அச்சுப் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "செவப்பு தள்ளியிருக்கு" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

தினமும் கூப்பிட்டேன். தினமும் அவருக்குச் சிவப்புதான் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மட்டும் ஏன் தப்பாகவே தெரிகிறீர் என்று முருகனிடமே சண்டை போட்டேன்.

கார்த்திகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை. அடுப்பில் பால் பொங்கி வந்த நேரம், கூடத்தில் இவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. பாலை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு முடிந்திருந்தது, கண்ணில் மட்டும் ஈரம்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காப்பியக் கொண்டா."

நாளைக்கும் சிரிப்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காப்பி ஆற்றப் போனேன். அந்த வாரமே நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

படம் இன்னும் சுவரில் இருக்கிறது. காலையில் முருகனும் நானும் சிரித்துக்கொள்கிறோம், அதில் குறைவில்லை. ஆனால் இவர் சிரித்த முகத்தை முருகன் பார்த்தார், நான் பார்க்கவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தால் அணையட்டும் என்று ஓடியிருக்கலாம்.