கக்கூஸ் இறைத்த மிசின்

நல்லூர்த் திருவிழாவுக்குச் சனம் நிரம்பி வழிகிற நாட்களிலும் கழிவுக்குழி நிரம்பி வழியாத விடுதி ஒன்றைக் கண்டீர்களானால், அதன் பின்வளவில் தரைக்குக் கீழே என்னுடைய பம்ப் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குருநகரில் ஒரு கலியாண மண்டபம், மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினால் கடல்தண்ணீர் வருகிற நிலம். எல்லாரும் கைவிட்ட பிறகு, கழிவுநீரை மேட்டுக்கு ஏற்றிக் கொடுத்தவன் நான். மயிலிட்டியில் சனம் திரும்பிப்போய் வீடு கட்டத் தொடங்கியபோது, குழிக்கு இடம் காட்டச் சொல்லிப் பலர் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இரண்டு தரமும் நட்டுக் கழற்றுகிற ஒரு சாவிப்பெட்டியோடு மட்டும் திரும்பி வந்து, முதலிலிருந்து தொடங்கினவன். வங்கி கடன் தரவில்லை. சொந்தக்காரர் கை தரவில்லை. தொழிலின் பெயரைக் கேட்டதும் பெண்கூட முதலில் தரவில்லை.

பம்ப் வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால், மூடியைத் திறந்ததும் நான் மோட்டாரைப் பார்ப்பதில்லை. அது எந்த உயரத்தில் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். அடியில் குந்தியிருந்தால் மண்டி அடைக்கும். மேலே தொங்கினால் மிதக்கிற ஆடையை இழுத்து அடைபடும், இல்லாவிட்டால் காற்றைக் குடித்துச் சூடேறும். தெளிந்த தண்ணீர் நடுவில்தான் இருக்கிறது. இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது, அக்காவின் கலியாணத்துக்கு முன், நானே கண்டுபிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். வெங்காயமும் புகையிலையும் செய்து ஐயா அந்த வீட்டைக் கட்டினார். மாப்பிள்ளைக்குக் கொழும்புக் கந்தோரில் மேசை வேலை. சம்பந்தம் பேசத் தொடங்கியபோதே அவருடைய தாயார் ஒன்றைச் சொல்லிவிட்டார்: தன் மகன் செம்பைத் தூக்கிக்கொண்டு பனங்காணிக்குள் போகமாட்டான். ஐயா மறு கதை கதைக்காமல் கக்கூஸ் கட்டினார். சீமெந்துத் தொட்டி, பக்கத்தில் தண்ணீர் ஊறிப் போக ஒரு குழி. எங்கள் ஒழுங்கை வீடுகளில் அதுதான் முதலாவது. அயலட்டை முழுக்க அதைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு மட்டும் போகவில்லை.

கலியாணப் பேச்சு இழுபட்டுத் தைக்கு நாள் வைத்தபோது, அந்த வருடத்து மாரி இன்னும் விட்டபாடில்லை. கிணற்றில் குனிந்து கையால் அள்ளலாம் போலத் தண்ணீர் ஏறி நின்றது. நிலமே நிரம்பியிருந்தால் ஊறுகுழி எதைக் குடிக்கும்? தொட்டி நிரம்பியது. பலகாரச் சூட்டுக்கு இனசனப் பெண்கள் கூடி, முற்றத்துக் கொட்டிலில் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கக்கூஸ் கோப்பை குமிழி விட்டது. எண்ணெய்ச் சட்டியின் வாசத்தை மற்ற வாசம் வென்றது. அடுத்த நாள் காலை மாப்பிள்ளையின் தாயார் வீடு பார்க்க வருகிறார். கலியாணம் நிற்கும் என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவின் தம்பியிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசின் ஒன்று இருந்தது. ஊர்த் தோட்டங்களுக்குக் கூலிக்கு இறைப்பதுதான் மாமாவின் சீவியம். ஆனால் ஐயாவும் மாமாவும் கதைப்பதில்லை. எங்கள் தோட்டத்துக்கே வேறொரு மிசின்காரன்தான் வந்து இறைத்தான். கோயில் திருவிழாவில் மாமா கள் வாசத்தோடு சுவாமி தூக்க வந்ததும், ஐயா சபை நடுவே அவரை விலக்கிவிட்டதும்தான் காரணம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தூது போய் வந்தது நான். அம்மா என்னைத்தான் அனுப்பினார்.

விசயத்தைக் கேட்டதும் மாமா மிசினை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

“வேறை ஆரின்ரையும் மிசின் இல்லையோடா?”

“ஆரும் தரமாட்டினம் மாமா.”

“ஓம், தரமாட்டினம்” என்றார். பிறகு மிசினைக் கைவண்டியில் ஏற்றினார்.

மாமா வாழ்நாள் முழுக்கக் கிணறு இறைத்தவர். கிணற்றுக்கு விடுவதுபோலவே குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை விட்டார். மற்றக் குழாயை நீளமாக இழுத்து, கிணறு ஒன்றும் இல்லாத பக்கமாய்ப் பனங்காணிக்குள் போட்டார். கயிறு சுற்றி இழுத்தார். மிசின் படபடவென்று ஓடியது. குழாய் இரண்டு தரம் விக்கியது, கொஞ்சம் கறுப்பாய்த் துப்பியது, நின்றுவிட்டது. கிணற்றில் இப்படி நின்றால் குழாய் வாயிலுள்ள வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். அதற்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான், சாணியைக் கரைத்து மிசினுக்குள் ஊற்றுவது. சாணி போய் ஒழுக்கை அடைத்துவிடும்.

“கொஞ்சம் சாணி கரைச்சுக்கொண்டு ஓடியாடா!” என்று மாமா கத்தினார்.

ஐயா கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்: “தொட்டியிலை உள்ளது போதாதெண்டு மாட்டிட்டையும் கேக்கினம்.”

மாமாவும் விடவில்லை. “தம்பி, மிசின் பிடிக்கத் தெரிஞ்சா வந்து பிடிக்கச் சொல்லு, அந்த வேப்பமரத்தை.”

சாணி போனதோடு மிசினின் வயிறும் அடைத்தது. மாமா அதைக் கழற்றிக் கழுவுவதற்காகக் குழாயை வெளியே இழுத்துப் போட்டார். அப்போதுதான் நான் பார்த்தேன். குழாயின் வெளிப்பக்கம் அடியில் கறுப்புச் சேறு. மேல்பகுதியில் ஒரு வளையம் போலத் தடிப்பாய் ஆடை. இடைப்பட்ட இடம் வெறும் ஈரம். இந்தக் காட்சியை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று யோசித்தேன். யோசித்து முடிக்குமுன் வாய் முந்திவிட்டது.

“மாமா, நீங்கள் கள்ளு எப்பிடிக் குடிக்கிறனீங்கள்? நுரையை ஊதிப்போட்டு, மண்டியை விட்டுட்டு, நடுவாலை தானே?”

கொட்டிலில் அகப்பைச் சத்தம் நின்றது. வேப்பமரத்தைப் பார்த்து நின்ற ஐயாவின் தோள் குலுங்கியது.

“பொத்தடா வாயை!” என்றார் மாமா. குழாயை ஒருக்கால் பார்த்தார். “நில்… இப்ப என்ன சொன்னனி?”

அடுக்களையில் இருந்து ஒரு பழைய கடகக் கூடையை எடுத்துவந்தவன் நான். பனையோலைக் கடகத்துக்குள் குழாயின் வாயை வைத்துக் கட்டினால் பெரிய கட்டிகள் உள்ளே வராது. தொட்டி வாய்க்குக் குறுக்கே ஒரு உலக்கையைப் போட்டு, நடு உயரத்தில் தொங்குகிற மாதிரி அதில் கயிற்றைக் கட்டினோம். மாமா திரும்பவும் கயிறு இழுத்தார். இந்தமுறை குழாய் விக்கவில்லை. சோறு வடித்த கஞ்சி நிறத்தில் தண்ணீர் பனங்காணிக்குப் பாய்ந்தது. இன்று வெளிநாட்டில் இருந்து வலைக்கூடு வைத்த பம்ப் வருகிறது. பார்க்கிறபோதெல்லாம் எங்கள் கடகம்தான் ஞாபகம் வரும். அந்த உலக்கையை அம்மா பிறகு தொடவேயில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் வந்தார். வீட்டை அவசரமாகவும் கக்கூஸை ஆறுதலாகவும் பார்த்தார். வெளியே வந்து, “தண்ணி நல்லாப் போகுது” என்றார். அக்கா கதவைத் திறந்தார்.

மழை விட்டு வெயில் ஏறியதும் இறைப்புக் காலம் தொடங்கியது. வழமையாக அந்த நாட்களில் மாமாவை வீட்டில் காணமுடியாது. அந்த வருடம் நான் போகும்போதெல்லாம் வீட்டில் இருந்தார். பழப்புளியும் சாம்பலும் போட்டு மிசினின் பித்தளையைத் தேய்த்தோம். மஞ்சள் தண்ணீரால் கழுவினோம், சாம்பிராணி காட்டினோம். கழுவிய மிசினைத் திரும்பவும் கழுவினோம். மாமா இடைக்கிடை வாசல் படலையைப் பார்ப்பார்.

“ஆர் மாமா வருகினம்?”

“ஒருத்தரும் இல்லை. நீ தேய்.”

ஊரார் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. வழியில் கண்டால், “தோட்டத்திலை ஈரம் இன்னும் காணும், இப்ப இறைப்பு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா என்னோடு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் வேலைக்குப் போகவில்லை என்று நான் நினைத்தேன். அதைவிடச் சந்தோசமான காலம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு காலை ஐயா அந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“மச்சான், வெங்காயம் வாடுது. மிசினைக் கொண்டா.”

மாமா எழும்பவில்லை. “உங்களுக்குத்தான் மற்ற மிசின்காரன் இருக்கிறானே, அத்தான்.”

“உவனை விடு. நீ வா.”

எங்கள் தோட்டம் தெருவோரம். குடிக்கிறதும் அந்தத் தோட்டக் கிணற்றுத் தண்ணீர்தான். மாமாவின் மிசினைக் கண்டதும் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரம்பில் நின்றார்கள். தெருவில் போனவர்கள் சைக்கிளில் காலூன்றினார்கள். தண்ணீர் பாய்ந்ததும் ஐயா வாய்க்காலுக்குப் போகவில்லை. குழாய் வாயடியில் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். திரும்பவும் ஏந்திக் குடித்தார். வாயைத் துடைத்தபடி வரம்பில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாமா மிசினுக்குப் பின்னால் குந்தியிருந்து, திருகத் தேவையில்லாத ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். கழிவு இறைத்த பம்பில் வந்த தண்ணீரை இன்றைக்கு ஒருவர் குடிக்கப் போனால் நானே கையைத் தட்டிவிடுவேன். அது வேறு.

ஐயாவுக்குச் சரியான தண்ணீர் விடாய் என்று நினைத்து வீட்டுக்கு ஓடிப்போய், ஒரு செம்பு மோர் கொண்டுவந்தேன். ஐயா வாங்கவில்லை. “மாமாவுக்குக் குடு” என்றார். விடாய் ஐயாவுக்கு, மோர் எதற்கு மாமாவுக்கு? எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாளே ஒருவர் மாமாவைத் தோட்டத்துக்குக் கூப்பிட வந்தார். பிறகு நிறையப் பேர் வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, மிசின் தேய்க்க மாமா இல்லையே என்று.

இப்போது கனடாவில் இருக்கிற அக்காவின் பேரன் எங்கள் குடும்பக் கதையைப் புத்தகமாக்குகிறான். அனுப்பியிருந்தான், வாசிப்பித்துக் கேட்டேன். மாமா மிசின் தந்தது இருக்கிறது. ஐயா தண்ணீர் குடித்தது இருக்கிறது. இரண்டும் நான் சொல்லிக் கொடுத்தவை. குழாயைத் தூக்கிக் கட்டச் சொன்னது மட்டும் ‘ஒரு பொடியன்’ என்று போட்டிருக்கிறான். பேரா, அச்சுக்குப் போகுமுன் திருத்து. மாமாவை மேலே போடு, ஐயாவைக் கீழே போடு, இரண்டு பேரும் என்னிலும் பெரிய மனிசர். நடுவில் என் பெயர் வரவேண்டும். முழுப்பெயர், தலைப்பெழுத்தும் சேர்த்து.