பிரிண்டர் பொருத்தப் போன வீடுகள்

எங்கள் தொழிலில், நாங்கள் போகுமுன் பிரிண்டர் பெட்டியைத் தாங்களே பிரிக்காத வீடு ஒன்று அமைவது லொத்தரில் பரிசு விழுகிற மாதிரி.

நான் கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறேன். கடையில் பிரிண்டர் வாங்குகிறவர்களின் வீட்டுக்குப் போய், மை ஊற்றி, கணினியோடும் போனோடும் இணைத்து, முதல் தாளை எடுத்துக் காட்டிவிட்டு வருவதுதான் என் வேலை. கேட்க லேசாக இருக்கிறதல்லவா? வீட்டில் இங்க் பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். அவசரமாக ஒரு தாள் தேவைப்படுகிற நாளில்தான் சிவப்பு லைட் மினுங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஒரு பிரிண்டரோடு படுகிற பாட்டை நான் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். முதல் தாள் வெளியே வரும்போது வீட்டில் எல்லாரும் குனிந்து பார்க்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, மூன்று வருடமாகியும் எனக்கு அது அலுக்கவில்லை.

எட்டாம் பக்கம்

நான் தனியாகப் போன முதல் வீடு பரந்தனில், கணிதம் படிப்பிக்கிற ஒரு ரியூசன் மாஸ்டருடையது. கடை முதலாளி சிவநேசன் அண்ணை, "என்ன கேட்டாலும் 'தெரியாது' எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்று சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் மாஸ்டர் எல்லாவற்றையும் தானே செய்து முடித்திருந்தார். பிரிண்டர் மேசையில் இருந்தது. மை ஊற்றியிருந்தது. பக்கத்தில் வழிகாட்டிப் புத்தகம், வரிக்கு வரி பென்சில் கோடு. ஆனால் சுவிட்சைப் போட்டதும் மெசின் "கடக் கடக்" என்று இரண்டு தரம் முக்கிவிட்டு நின்றுவிடும். "இதோட மூண்டு நாளாப் போராடுறன். மெசினில பிழை. மாத்தித் தாங்கோ" என்றார்.

முதல் நாளே மெசினைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனால் அண்ணை என்ன சொல்லுவார்? மெல்ல மூடியைத் தூக்கி ரோச் வெளிச்சம் அடித்தேன். உள்ளே, மை தெளிக்கிற தலை அசையாமல் இருக்கக் கம்பனி ஒட்டிவிட்ட செம்மஞ்சள் நாடா அப்படியே இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன், "சர்ர்" என்று வந்தது. சுவிட்சைப் போட்டதும் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நான் கைதட்டியே விட்டேன். மாஸ்டர் புத்தகத்தை எடுத்தார், புரட்டினார், ஓர் இடத்தில் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, நாடாவைப் பிடுங்கச் சொல்லி எட்டாம் பக்கத்தில இருக்கு, நான் ஏழாம் பக்கத்தோட நித்திரையாப் போனனான்."

போனில் வைத்தியம்

பூநகரியில் முன்பள்ளி ஆசிரியை நிர்மலா அக்கா. பிள்ளைகளுக்கு நிறம் தீட்டப் படம் எடுத்துக் கொடுக்க வாங்கிய பிரிண்டர். ஒருநாள் காலை போன் எடுத்தா. "தாளை உள்ளுக்கு இழுக்குதில்லை. ஒரு சத்தம் வருது." என்ன சத்தம் என்று கேட்டேன். "நான் எப்பிடிச் சொல்லுறது? இந்தாங்கோ, நீங்களே கேளுங்கோ" என்று போனைப் பிரிண்டரின் வாயில் வைத்துவிட்டா. பூநகரிக்குப் போய்வர அரைநாள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கிறுக், கிறுக், டிங். அந்த "டிங்" பிளாஸ்ரிக் சத்தம் இல்லை, உலோகம்.

"அக்கா, வயரைக் கழட்டுங்கோ. தூக்கிக் கவிழ்க்க வேண்டாம், மை ஊத்துப்படும். பின்னாலை தாள் வைக்கிற இடத்துக்குள்ள ரோச் அடிச்சுப் பாருங்கோ." ஒரு துண்டு மெழுகுப் பென்சில் வந்தது. ஒரு தலைப் பின் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கூச்சல். தோட்டின் சுரை, பின்னால் பூட்டுகிற அந்தச் சின்னத் திருகாணி! இரண்டு கிழமைக்கு முன் தொலைந்த பவுன் சுரை. கணவனின் தாய், மாமிதான் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டா என்று நினைத்து, அன்றிலிருந்து அக்கா மாமியோடு கதைப்பதில்லையாம். இதையெல்லாம் எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போனை வைக்க மறந்து, மாமி சமைக்கிற குசினிக்கு ஓடிவிட்டா. "மாமி! கிடைச்சிட்டுது மாமி! நான்தான் பிழையா நினைச்சிட்டன்!" நான் போனைக் காதோடு அழுத்தினேன். பிறகு தூரத்தில் மாமியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"முதல்ல அந்த மெசினைத் துடைச்சு வை பிள்ளை, இந்த வீட்டில எனக்காகச் சாட்சி சொன்னது அது ஒண்டுதான்."

நீல விரல்

முள்ளிவாய்க்காலில் ஜெறோம் அண்ணை கடற்தொழில் செய்கிறவர். மனைவி றீற்றா அக்கா. மகளின் முதலாவது பிறந்தநாள் படங்களை வீட்டிலேயே எடுத்து அல்பம் செய்ய ஆசைப்பட்டு வாங்கிய பிரிண்டர். மூன்று மாதம் நன்றாக ஓடியது. திடீரென்று ஒருநாள் எல்லா முகமும் பச்சை. நான் போனபோது மேசையில் வரிசையாகப் பச்சைக் குழந்தை, பச்சைக் கேக், பச்சை அம்மம்மா. றீற்றா அக்காவின் கண் கலங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு, வெளிநாட்டிலிருந்து வரும் அவாவின் தங்கச்சி முதல் தரம் பிள்ளையைப் பார்க்க வருகிறா. அல்பத்தைத் தங்கச்சியின் கையில் கொடுக்கவேண்டும்.

மஞ்சள் மைத் தாங்கியைப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் இல்லை, பாசி நிறம். "ஆரும் இதுக்குள்ள நீல மை ஊத்தினீங்களோ?" என்று கேட்டேன். "நான் தொடவே இல்லை" என்றார் அண்ணை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அக்கா கையை இழுத்துப் பார்த்தா. பெருவிரலும் சுட்டுவிரலும் நல்ல நீலம். "அது வலைச் சாயம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் உள்ளுக்குள் பயம். இந்த மை குழாய் முழுக்க இறங்கியிருந்தால் இலேசில் போகாது. ஊசியால் கலந்த மையை உறிஞ்சி எடுத்தேன், புது மஞ்சள் ஊற்றினேன், கழுவுகிற கட்டளையைக் கொடுத்துக் கொடுத்து ஒவ்வொரு தரமும் ஒரு படம் எடுத்தோம். முதல் படத்தில் பிள்ளை கடும் பச்சை. அடுத்ததில் இளம் பச்சை. பிறகு காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி ஒரு நிறம். அண்ணை ஒவ்வொரு படத்தையும் பறித்துக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்க்க முற்றத்துக்கு ஓடுவார், திரும்பி ஓடிவருவார். மத்தியானம் கடந்து, எத்தனையாவது தரமோ, பிள்ளையின் கன்னம் கன்னத்தின் நிறத்திலேயே வந்தது. அண்ணை துள்ளிக் குதித்தார். அந்தச் சந்தோசத்தில் வாய் தவறி, "நான்தான் பிழையா ஊத்தினனான், நான்தான்!" என்று கத்திவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினா:

"கலியாணம் கட்டி நாலு வருசம், இண்டைக்குத்தான் இந்த மனுசன்ர வாயில அந்தச் சொல்லு வந்திருக்கு, அதைப் பெரிய எழுத்தில ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்கோ."

முதல் அழைப்பு

முல்லைத்தீவில் நசீர் நானா புடைவைக் கடைக்காரர். மகளின் கலியாண அழைப்பிதழை வீட்டில் அச்சடிப்பதென்று பளபளக்கிற அட்டை கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். மை காயவேயில்லை, விரல் பட்டால் மாப்பிள்ளையின் பெயர் மணமகளின் பெயரோடு போய்க் கலந்துவிடும். காயட்டும் என்று அட்டைகளைத் தரை முழுக்கப் பரப்பி, நானா விசிறியை முழு வேகத்தில் போட்டார். அவ்வளவுதான், அட்டைகள் எழும்பிப் பறந்தன. நான், நானா, அவருடைய மனைவி, மணமகள் நாலு பேரும் அறைக்குள் துரத்திப் பிடித்தோம். ஒன்று மட்டும் யன்னலால் வெளியே போய், கட்டியிருந்த ஆட்டின் முன்னால் விழுந்தது. ஆடு அதை நிதானமாகத் தின்று முடித்தது. நான் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சொரசொரப்பு, மை உறிஞ்சுகிற பக்கம்! அந்தப் பக்கத்தில் அடித்தோம், எடுத்த கையோடு காய்ந்தது. மணமகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். ஒரு அட்டை வீணாகப் போய்விட்டதே என்று நான் சொல்ல, நானா ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்லை மகள், கலியாணச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டிய ஆள் அவன்தானே, அவனுக்கு முதல்ல சொன்னது சரிதான்!"

ஜெனரேட்டர் வந்த வீடு

தர்மபுரத்துக்கு உள்ளே மாரிமுத்து ஐயாவின் தோட்டம். மலையகத்திலிருந்து தகப்பன் காலத்தில் இங்கே வந்து குடியேறிய குடும்பம். கச்சான் கடலை, மிளகாய் செய்கிறார்கள். மகள் தர்சினி தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். விண்ணப்பத்தை அச்சடித்து, சான்றிதழ்களின் பிரதிகளோடு பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். நான் போன அன்றுதான் கடைசி நாள். கிராம அலுவலரின் கடிதம் முதல்நாள் பின்னேரம்தான் கைக்குக் கிடைத்ததாம். காலையில் பிரிண்டரைப் போட்டால் வெறும் வெள்ளைத் தாள் வருகிறது. நான் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

"என்ன நடந்தது ஐயா?"

"மை ஊத்துனதும் உறும ஆரம்பிச்சிருச்சும்மா. பத்து நிமிசமா நிக்கவே இல்ல. தீப்பிடிச்சிருமோன்னு வயரப் புடுங்கிட்டேன்."

அது புது பிரிண்டர் முதல் தரம் குழாய்களுக்குள் மையை இழுக்கிற உறுமல். பாதியில் நிறுத்தியதால் மை தலைக்கு வரவில்லை. மறுபடி தொடங்கினால் சரி, இருபது நிமிடம் போதும் என்று சொல்லிப் பட்டனை அழுத்தினேன். உறுமத் தொடங்கியது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கறண்ட் நின்றது. சந்தியிலும் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை, பின்னேரம்தான் வருமாம். தர்சினி சான்றிதழ் பைலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "தெரியாது" என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் தாய் குசினிக்குள்ளிருந்து சொன்னா, "ஏங்க, நம்ம செல்வத்துக்கிட்ட ஜெனரேட்டர் இருக்குல்ல?" செல்வம் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர். மாரிமுத்து ஐயா செருப்பும் போடாமல் சைக்கிளில் பறந்தார். கொஞ்ச நேரத்தில் லேண்ட்மாஸ்டர் கை உழவு மெசின் ஒன்று வாசல் படலைக்குள் நுழைந்தது. அது பின்னால் இழுத்துவந்த பெட்டியில், ஒரு கோயிலுக்கே வெளிச்சம் கொடுக்கிற ஜெனரேட்டர்! கயிற்றை இழுத்ததும் நிலம் அதிர்ந்தது. இத்தனை சத்தமும் என் முழங்கை அளவு பிரிண்டர் ஒன்றுக்காக. ஒழுங்கையின் இரண்டு பக்க வீட்டுச் சனமும் திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, "யாருக்கு விசேசம்? சொல்லவே இல்லையே!" என்று கோபித்தார்.

பிரிண்டர் உறுமியது, நின்றது. பச்சை லைட். சோதனைத் தாளை விட்டேன். கறுத்த எழுத்து, வெட்டு விழாமல் வந்தது! ஆறு தாள் வேண்டும். ஒவ்வொன்றாக வரும்போது யன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஐந்தாவது தாள் பாதியில் சிக்கியது. வெளியே எல்லாரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். பின்மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் தாளைப் பிடித்து, மகப்பேற்று மருத்துவிச்சி மாதிரிப் பதமாக இழுத்தேன். கிழியாமல் வந்தது. ஐந்து, ஆறு! தபால் கந்தோர் மூட அரை மணித்தியாலம் இருந்தது. தர்சினி செல்வத்தின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். பதிவுத் துண்டைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தாய், வந்த அத்தனை பேருக்கும் பால் விடாத பிளேன்ரீயும் அவித்த கச்சானும் கொடுத்தா. விசேசம் விசேசமாகவே முடிந்தது.

சில மாதம் கழித்து, ஒரு காலை தர்சினியின் போன். மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறாள், அழுகிறாள்.

"அக்கா, என்னைய நர்சிங்குக்கு எடுத்துட்டாங்க அக்கா, லெட்டர் வந்திருச்சு! அப்பா அதக் கொப்பி எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்கணும்னு நிக்கிறாரு, ஆனா மெசின் தாளப் புடிச்சு வச்சிக்கிட்டு விடமாட்டேங்குது, கொஞ்சம் வர்றீங்களா?"

இத்தனை வீடு ஏறி இறங்கியதில் நான் அறிந்துகொண்டது, பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்கிற வீட்டில் என் பெயர்கூட ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, மக்கர் பண்ணுகிற வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு.